அச்சும் வெல்லமும்

அச்சு என்ற சொல்லைக் கேட்டால் ஓர் எழுத்தாளனுக்குப் புத்தகம் ஞாபகத்துக்கு வரவேண்டும். எனக்கு என்னவோ அச்சு வெல்லமும் அச்சு முறுக்கும்தான் முதலில் வருகின்றன. பூப்போட்ட இரும்பு அச்சை மாவில் தோய்த்துக் காய்ந்த எண்ணெயில் இறக்கி, என் பாட்டி லேசாக ஓர் உதறு உதறுவாள். அச்சு கையோடு வந்துவிடும். பூ மட்டும் எண்ணெயில் மிதக்கும். தமிழ் எழுத்தில் புத்தகம் அச்சானது 1578-இல், கொல்லத்தில் என்று படித்திருக்கிறேன். மாவிலும் வெல்லத்திலும் நாம் அச்சுப் போட்டுச் சாப்பிட ஆரம்பித்தது அதற்கும் முந்தி இருக்கவேண்டும் என்பது என் சொந்த அபிப்பிராயம். பசி படிப்புக்கு மூத்ததல்லவா?

இந்த இரண்டு அச்சும் ஒருநாள் ஒரே தட்டில் வந்து உட்காரும் என்று மட்டும் நான் நினைத்ததில்லை. உட்கார்ந்ததைப் பார்த்தது சிவகாசியில், என் தங்கை மகள் வீட்டில், சென்ற ஆடி மாதம்.

விருதுநகரில் ரயிலை விட்டு இறங்கி, எண்ணெய்ப் பரோட்டாவுக்குச் செலுத்தவேண்டிய மரியாதையைச் செலுத்திவிட்டு (என் டாக்டர் இதைப் படிக்கமாட்டார் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்), ஆமத்தூர், திருத்தங்கல் வழியாகப் பஸ்ஸில் போனேன். ஆடிக் காற்று புழுதியை வாரி முகத்தில் அப்பிக்கொண்டே வந்தது. மழையை நம்பிப் பிழைக்க முடியாத பூமி. அதனால்தான் 1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டி செய்யும் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டியிருந்தது. லேபிளுக்கு அச்சுக்கூடம் வேண்டியிருந்தது. பின்னால் பட்டாசு வந்தது. பட்டாசுக்கு இன்னும் பகட்டான லேபிள் வேண்டியிருந்தது. இப்படி, நெருப்பின் வாலைப் பிடித்துக்கொண்டுதான் அச்சு இந்த ஊருக்குள் நுழைந்தது. அப்புறம் காலண்டர், டயரி, நோட்டுப் புத்தகம் என்று பெருகிவிட்டது. இன்றைக்கும் ஆடிப் பெருக்கன்று அடுத்த வருஷத்துக் காலண்டர் ஆல்பத்தை வெளியிடுகிறார்கள். ஆற்றில் தண்ணீர் வந்தாலும் வராவிட்டாலும் இங்கே காலண்டர் பெருகும்.

என் தங்கை மகள் ஓர் அச்சகத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து காலண்டர் படங்களைச் சீர் செய்யும் வேலை பார்த்தவள். குழந்தை பிறந்ததும் வேலையை விட்டாள். ஆனால் கை சும்மா இருக்கவில்லை. கேக் செய்யக் கற்றுக்கொண்டாள். உணவுப் பாதுகாப்புத் துறையில் முறைப்படி பதிவு செய்துகொண்டு, வீட்டின் பின்னறையிலேயே தொழிலை நடத்துகிறாள்.

"வாங்க மாமா, உக்காருங்க. காப்பி அப்புறம். முதல்ல உங்களைத் திங்கக் குடுக்கறேன்" என்றாள்.

அறையின் மூலையில் ஒரு பிரிண்டர் இருந்தது. ஆபீஸ் மேஜைகளில் பார்க்கிற அதே ஜாதிதான். ஏதோ கிர்ரென்றது, கரகரவென்றது. பின் மெள்ள ஒரு வெள்ளைத் தாளைத் துப்பிற்று. அதிலே என் முகம்! என் நாவல் ஒன்றின் பின்னட்டைப் படத்தை எடுத்துப் போட்டிருந்தாள். அதைக் கத்தரித்து, ஒரு சின்ன கேக்கின் மேல் ஒட்டி, தட்டில் வைத்து நீட்டினாள்.

என் முகத்தை நானே கடிக்க எனக்கு மனம் வரவில்லை. நான் தயங்கிக்கொண்டிருக்கையில் அவளுடைய நாலு வயதுப் பையன் ஓடி வந்து, ஒரே கடியில் என் மூக்கையும் மூக்குக் கண்ணாடியையும் தின்றுவிட்டான். விமர்சகர்கள் எத்தனையோ வருஷமாக முயன்றும் செய்ய முடியாத காரியம்.

"நல்லாருக்கா?" என்று கேட்டேன்.

"இனிக்குது" என்றான். என் எழுத்துக்கு இவ்வளவு சுருக்கமான மதிப்புரை வந்ததில்லை.

அந்த யந்திரத்தின் சூட்சுமத்தைப் பிறகு விவரமாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். பிரிண்டர் சாதாரணம், மை மட்டும் வேறு. தண்ணீரும் கிளிசரினும் உணவுக்கு அனுமதித்த சாயமும் கலந்த மை. சாதாரண மை ஒருதரம் ஓடிய பிரிண்டரை எவ்வளவு கழுவினாலும் இந்த வேலைக்கு உபயோகிக்கக் கூடாது; புதிதாக வாங்கி, இதற்கென்றே ஒதுக்கவேண்டும். மடி ஆசாரம் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். தாளும் காகிதமில்லை. மாவுச்சத்தும் சர்க்கரையும் சேர்த்து மெல்லிசாக வார்த்து, பிளாஸ்டிக் தகட்டின் மேல் ஒட்டி வைத்த ஏடு. பட்டர் கிரீம் பூசிய கேக்கின் மேல் அதை வைத்தால், கிரீமின் ஈரத்தை வாங்கி, சற்று நேரத்தில் ஏடு தனி, கேக் தனி என்று தெரியாமல் ஒட்டிப்போகிறது. ஈரம் மிஞ்சினால் ஆபத்து. வர்ணம் கரைந்து முகம் வழியத் தொடங்கும். ஈரம் குறைந்தாலோ ஏடு அப்பளம் போல் நொறுங்கும். பட்டாசு உலர உதவுகிற சிவகாசிக் காற்று இந்த ஏட்டுக்கு முழுச் சிநேகிதனும் இல்லை, முழு விரோதியும் இல்லை.

இன்னொன்றும் சொன்னாள். "தினம் ஒரு படமாவது போட்டுடணும் மாமா. ரெண்டு மூணு நாள் சும்மா விட்டா மை காஞ்சு மூக்கு அடைச்சுக்கும். அப்புறம் எவ்வளவு உந்தினாலும் ஓடாது."

எனக்குச் சுருக்கென்றது. நாவலின் பதினோராவது அத்தியாயத்தை அப்படியே போட்டுவிட்டுத்தான் நான் ரயிலேறியிருந்தேன்.

அச்சடித்ததைச் சாப்பிடும் இந்த யோசனை உலகத்தில் பல இடங்களில் பலருக்குத் தோன்றியிருக்கிறது. சிக்காகோவில் ஹோமாரோ கான்ட்டு என்று ஒரு சமையற்கலைஞர் இருந்தார். 2004-இல் திறந்த அவருடைய மோட்டோ என்ற ஓட்டலில், சாப்பாட்டுப் பட்டியலையே சாப்பிடும் தாளில் அச்சடித்துத் தந்தாராம். என்ன இருக்கிறது என்று படித்துவிட்டு, பட்டியலையும் சாப்பிட்டுவிடலாம். அங்கே அது வேடிக்கை. இங்கே, அச்சுக்கே பேர்போன ஊரில், அது குடும்பத் தொழில் போல வந்து ஒட்டிக்கொண்டுவிட்டது.

சாயத்தைப் பற்றி மட்டும் நான் விடாமல் கேட்டேன். 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டு அரசு பஞ்சு மிட்டாய் விற்பனையைத் தடை செய்தது வாசகர்களுக்கு நினைவிருக்கும். துணிக்குப் போடுகிற ரோடமின் பி என்ற சாயத்தை அதில் கலந்திருந்தார்கள். "அந்தப் பேச்சே இங்க கிடையாது மாமா. நம்ம நாட்டுல உணவுக்குச் செயற்கைச் சாயம் எட்டுதான் அனுமதி. அதுக்கும் அளவு உண்டு" என்று மைக்குப்பியைத் திருப்பி, அதில் எழுதியிருந்ததைக் காட்டினாள். எண்ணிப் பார்த்தால் இந்த ஊர் மூன்று தினுசு வர்ணத்தில் பிழைக்கிறது. ஸ்ட்ரான்ஷியம் உப்பு சிவப்பாய் எரிகிறதே, அது ஆகாசத்துக்கு. லேபிளிலும் காலண்டரிலும் பளபளக்கிறதே, அது கண்ணுக்கு. இது நாக்குக்கு. ஒன்று இன்னொன்றின் இடத்துக்கு வந்தால் விபரீதம்தான்.

பக்கத்து வீட்டில் அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார். எழுபதைத் தாண்டியவர். நாற்பது வருஷம் அச்சகத்தில் மிஷின்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். லித்தோக் கல்லின் கதையை அவர் வாயால் கேட்கவேண்டும். கல்லில் எண்ணெய்ப் பசையுள்ள மையால் எழுதிவிட்டுத் தண்ணீரைத் தடவினால், எழுதிய இடத்தில் தண்ணீர் ஒட்டாது. அங்கே மட்டும் அச்சு மை ஒட்டும். அவ்வளவுதான் ரகசியம். இதை 1796-இல் கண்டுபிடித்த ஜெர்மானியர் செனிஃபெல்டர் ஒரு நாடகாசிரியர். தம் நாடகங்களை மலிவாக அச்சிட வழி தேடப் போய், சலவைக்குப் போடும் துணிக் கணக்கைக் கல்லில் எழுதி வைத்தார். அதிலிருந்து பிறந்தது இந்தக் கலை. எழுத்தாளனின் ஏழ்மையால் உலகத்துக்கு ஏதாவது லாபம் உண்டென்றால் இதைச் சொல்லலாம்.

அண்ணாச்சி ஆரம்பத்தில் என் மருமகளின் யந்திரத்தை மதிக்கவில்லையாம். "கேக்குக்கு எதுக்குத் தாயி படம்? காலண்டருக்கு எவனாவது பாகு காய்ச்சி ஊத்துதானா?" என்று கேட்டாராம். ஒருநாள் சும்மா எட்டிப் பார்த்தவர், மடியிலிருந்த உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்து ஒரு சர்க்கரை ஏட்டின் மேல் வைத்துக் குனிந்தார். "முருகன் முகத்துல சிவப்பு ஏறிப்போச்சு. காய்ச்சக்காரன் மாதிரி இருக்கான். சிவப்பைக் கொஞ்சம் இறக்கு" என்றார். அன்று முதல், அச்சான ஏடு எதுவும் அவர் கண்ணுக்குத் தப்பிக் கேக்கில் ஏறுவதில்லை.

அவர் வீட்டுக் கூடத்தில் சட்டம் போட்டு மாட்டிய ஒரு பழைய காலண்டர் படம் இருக்கிறது. கோவில்பட்டியில் இருந்த கொண்டையராஜு வரைந்த படம் என்றார். அவர் 1976-இல் காலமானார். அவரும் அவருடைய சீடர்களும் வரைந்த லட்சுமியையும் முருகனையும் சிவகாசி அச்சடித்து நாடெங்கும் அனுப்பியது. தேதித் தாளெல்லாம் கிழிந்து போன பின்னும், படத்தைத் தூக்கியெறிய மனமில்லாமல் சட்டம் போட்டுக் கும்பிட்ட வீடுகள் எத்தனை!

நான் போன இரண்டாம் நாள் காலையில் ஓர் அம்மாள் வந்தாள். அறுபது வயதிருக்கும். கைவிரல்களில் தீப்பெட்டி ஒட்டிய பசையின் காய்ப்பு. முந்தானை முடிச்சை அவிழ்த்து, பிளாஸ்டிக் உறையிலிருந்த ஒரு பாஸ்போர்ட் அளவுப் படத்தை எடுத்தாள்.

"தாயி, பேத்திக்கு ஆடி முடியறப்ப ஒரு வயசு ஆகுது. கேக்குல அவ படமும் அவ அப்பன் படமும் சேர்ந்தாப்ல வரணும். ரெண்டு பேரும் சேர்ந்து எடுத்த படம் கிடையாது. வயித்துல ஏழு மாசமா இருக்கையிலேயே அவன் போயிட்டான்."

எப்படிப் போனான் என்று யாரும் கேட்கவில்லை. அந்த ஊரில் அதைக் கேட்கவேண்டியதில்லை. 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டியில் முப்பது பேருக்கு மேல் மாண்டபோது நாடு முழுவதும் பேசியது. ஒருவர் இருவராகப் போகிறவர்களைப் பற்றி நாளிதழில் நாலு வரி வரும். அவள் மகனுக்கு வந்தது நாலு வரி.

என் மருமகள் படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, குழந்தையின் படத்துக்குப் பக்கத்தில் பொருத்தினாள். முதல் ஏடு வந்தது. அண்ணாச்சி பார்த்தார். அம்மாளும் பார்த்தாள். அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"என்னம்மா?" என்றேன்.

"நல்லாத்தான் இருக்கு ஐயா. யாரோ மாதிரி இருக்கு. அவன் கறுப்பு."

விஷயம் இதுதான். கம்ப்யூட்டர் தானாகவே முகத்தை வெளுப்பாக்கிவிட்டது. அதை மாற்றி மறுபடி அடித்தபோது வேறு தொல்லை. இந்த மையில் கறுத்த மேனியைக் கொண்டுவருவது மகா சிரமம். மஞ்சளும் சிவப்பும் நீலமும் ஒன்றன்மேல் ஒன்றாய் விழவேண்டும். அவ்வளவு மை விழுந்தால் சர்க்கரை ஏடு ஈரமாகி, கன்னத்துக் கறுப்பு சட்டைக்கு வழிகிறது. வெள்ளை முகத்துக்கு இந்தத் தொல்லையே கிடையாது. மை விழாத இடமெல்லாம் வெளுப்புத்தானே! இரண்டாவது ஏடு வழிந்தது. மூன்றாவது பச்சையடித்தது.

அண்ணாச்சி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். "நாங்க காலண்டர்ல சாமிக்கெல்லாம் ரோஜாக் கலர் போட்டே பழகிட்டோம் தாயி. இவன் மனுசன். இவனுக்கு நெசக் கலர் போடணும். நீலத்தைக் குறை. சட்டையையும் பின்னாடி இருக்கற சுவரையும் நல்லா வெளுத்துடு. அங்க மை மிச்சமாகும். முகத்துக்கு மட்டும் கனமா விடு. அடிச்சதும் தொடாத. ராத்திரி பூரா காயட்டும்."

அன்று பகலெல்லாம் இதே வேலை. ஏழாவதோ எட்டாவதோ ஏட்டில், சரியான அந்தக் கறுப்பு வந்தது. கரிசல் மண் நனைந்தாற்போன்ற நிறம்.

மறுநாள் அம்மாள் வந்து பார்த்தபோது என் மூளை சும்மா இருக்கவில்லை. நாவலாசிரியனல்லவா? முந்தின இரவு முழுவதும் எனக்கு ஒரே யோசனை. செத்துப்போன மகன் முகத்தின்மேல் கத்தியை வைப்பதாவது! யார் வெட்டுவது? யார் தின்பது? என் பின்னட்டை முகத்தைக் கடிக்கவே எனக்குக் கை வரவில்லையே! ஆகவே ஓர் ஏற்பாடு கண்டுபிடித்திருந்தேன். மகன் முகத்தைக் கேக்கில் ஒட்டாமல் தனியாக ஒரு சர்க்கரைப் பலகையின் மேல் ஒட்டி, கேக்கின் மேல் நிறுத்தி வைத்துவிடலாம். வெட்டும் முன் எடுத்துவிடலாம். கண்ணாடிப் பெட்டியில் போட்டு வீட்டில் பத்திரமாக வைத்துக்கொள்ளலாம். இதையெல்லாம் அந்த அம்மாளிடம் கொஞ்சம் பெருமையோடேயே எடுத்துச் சொன்னேன்.

அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"வச்சு என்ன ஐயா செய்ய? எறும்பு திங்கறதுக்கா?" என்றாள். "வீட்டுல சுவத்துல மாலை போட்டு ஒரு படம் தொங்குது. அது எனக்கு. அதைப் பாத்து நான் அழுதுக்கிடுவேன். இது புள்ளைக்கு. சம்பளம் வாங்குற அன்னிக்கெல்லாம் அவன் ஏதாச்சும் தின்பண்டம் வாங்கியாராம வரமாட்டான். எம்புள்ள பொறக்கட்டும்மா, தெருவுக்கே கேக்கு வாங்கிப் போடுவேன்னு சொல்லிட்டிருந்தான். அவன் கையால குடுக்க முடியல. அவன் முகமாச்சும் அது வாயில இனிப்பாப் போகட்டுமே."

எனக்குப் பேச்சு எழவில்லை. நான் அந்த முகத்தைப் பாதுகாக்கப் பார்த்தேன். அவளோ அதை ஊட்ட வந்திருந்தாள்.

அவள் போன பிறகு அண்ணாச்சியும் நானும் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். "ஒரு நாளைக்கு மேல நிக்காத படத்துக்கு எட்டுத் தடவை அடிச்சீங்களே அண்ணாச்சி" என்றேன்.

அவர் சிரித்தார். "நான் நாப்பது வருஷம் அடிச்சது எல்லாம் என்ன சார்? தீப்பெட்டி லேபிளு. பட்டாசு லேபிளு. தினசரிக் காலண்டரு. ஒண்ணு எரியறதுக்கு, ஒண்ணு வெடிக்கறதுக்கு, ஒண்ணு கிழிக்கறதுக்கு. லட்சுமி வெடியில லட்சுமி படம் எத்தனை நேரம் நிக்கும், சொல்லுங்க. அதுக்காக லட்சுமிக்குக் கண்ணு ஒரு பக்கம் பொட்டு ஒரு பக்கமா அடிச்சா மொதலாளி விட்டுருவாரா? இல்ல, நம்ம கைதான் விடுமா?"

நான் பதில் சொல்லவில்லை. என் புத்தகங்கள் நிற்குமா நிற்காதா என்று வருஷக்கணக்காகக் கவலைப்பட்டவன் நான். நூலகத்தின் எந்த அலமாரியில் எத்தனை காலம் இருக்கும் என்று கணக்குப் போட்டவன். யார் பசிக்கு எழுதுகிறேன் என்று அதில் பாதி நேரமாவது யோசித்தேனா என்பது சந்தேகம்.

பிறந்த நாளுக்கு நான் அங்கே இல்லை, ஊர் திரும்பிவிட்டேன். மருமகள் டெலிபோனில் விவரம் சொன்னாள். கேக்கைக் கொண்டு போய் வைத்ததும் கூட்டம் முழுவதும் மௌனமாகிவிட்டதாம். குழந்தையின் தாய் கத்தியைக் கையில் வாங்கிக்கொண்டு அசையாமல் நின்றாளாம். என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. அதற்குள், பாட்டியின் இடுப்பிலிருந்த குழந்தை எம்பி, அப்பனின் கன்னத்தில் ஐந்து விரலையும் பதித்து, கையை வாயில் வைத்துக்கொண்டது. பாட்டிதான் முதலில் சிரித்தாளாம். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள், அழுதார்கள், சாப்பிட்டார்கள். தெருவுக்கே கொடுத்தார்களாம்.

"அண்ணாச்சி என்ன சொன்னார்?" என்று கேட்டேன்.

"தாத்தாவா? அவர் ஒண்ணேஒண்ணுதான் கேட்டார் மாமா. 'கலர் வழியாம இருந்துச்சா?'ன்னு. 'வழியலை தாத்தா, அவனேதான்னு அந்தப் பாட்டி சொன்னாங்க'ன்னேன். சரின்னுட்டு காப்பி குடிக்கப் போயிட்டார்."

டெலிபோனை வைத்துவிட்டு மேஜைக்குப் போனேன். பதினோராவது அத்தியாயம் விட்ட இடத்திலேயே கிடந்தது. பேனாவில் மை காய்ந்திருந்தது. உதறினேன், இரண்டு மூன்று தரம் உதறிய பிறகு, ஓடிற்று.